கீழாநெல்லியும் கீழமாசி வீதியும்

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இரண்டு விஷயங்கள் தவறாமல் தலைகாட்டும். ஒன்று, கீழாநெல்லிச் செடி. மற்றொன்று, மஞ்சட்காமாலை. முன்னது சோழவந்தான் வயல் வரப்புகளிலும், பள்ளிக்கூடத்து மதிலோரங்களிலும், யாரும் விதைக்காமலே முளைத்து நிற்கும். பின்னது, மழை வெள்ளத்தோடு சாக்கடை நீரும் சேர்ந்து குடிநீர்க் குழாயில் புகுந்த ஒரு மாதத்துக்கெல்லாம் வீடு வீடாக விஜயம் செய்யும். நோயையும் அதற்கு மருந்தையும் ஒரே பருவத்தில் ஒரே மண்ணில் படைத்துவைத்த கருணையை நம் பெரியோர்கள் வியந்து போற்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

செடியை அறியாத பட்டணத்து நேயர்களுக்காக ஒரு வார்த்தை. முழங்காலுக்கும் எட்டாத பூண்டு. இலைகளைப் பார்த்தால் நெல்லி மரத்தின் இலையைச் சிறிதாக்கி ஒட்டினாற்போல் இருக்கும். அந்த இலை வரிசையின் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லியாதலால் கீழாநெல்லி. வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, கொட்டைப் பாக்களவு எடுத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பது வழக்கம். அம்மி இருந்த இடத்தில் இப்போது மிக்ஸி இருக்கிறது. கூடவே உப்பில்லாப் பத்தியம். பத்துப் பதினைந்து நாளில் கண்ணின் மஞ்சள் வெளுக்கும். மூன்று நான்கு வாரத்தில் பையன் பள்ளிக்கூடம் வந்துவிடுவான்.

அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நம் மாணவன் ஒருவனுடைய அப்பத்தா இப்படி மருந்து அரைத்துக் கொடுப்பவள். காசு வாங்குவதில்லை. பையனை விசாரிக்கப் போன நம்மிடம் அவள் சொன்னாள்: "வாத்தியாரையா, முப்பது வருசமா அரைச்சுக் குடுக்குறேன். ஒரு பிள்ளையும் கெட்டுப்போனதில்ல." அவள் சொன்னது பொய்யல்ல. ஆனால், அவள் சொன்னது எதை நிரூபிக்கிறது என்பதுதான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் ஊர்களில் தண்ணீரால் வரும் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு வைரஸ்கள். ஹெபடைடிஸ் ஏ என்பது ஒன்று; ஹெபடைடிஸ் ஈ என்பது மற்றொன்று. இரண்டும் கல்லீரலைத் தாக்குகின்றன. இரண்டையும் நம் தேகம், ஒரு மருந்துமின்றி, தானே எதிர்த்துப் போரிட்டுச் சில வாரங்களில் வெளியேற்றிவிடுகிறது. மோரில் கீழாநெல்லி கலந்து கொடுத்தாலும் போகும். வெறும் மோரைக் கொடுத்தாலும் போகும். மோரே கொடுக்காவிட்டாலும் போகும். இத்தகைய வியாதியில் எந்த மருந்தைக் கொடுத்தவருக்கும் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைப்பது நிச்சயம். அப்பத்தாவின் முப்பது வருஷத்து அனுபவத்தில் குறை காண வேண்டியதில்லை. மருந்து கொடுக்காத பிள்ளைகளின் கணக்கு அவளிடம் இல்லை. அவ்வளவுதான்.

இதைக் கேட்டவுடன், "மூலிகை என்றால் இளக்காரம், அந்நியன் எழுதிவைத்தால்தான் உங்களுக்கு வேதம்" என்று சில நண்பர்கள் சீறுவது நமக்குத் தெரியும். அவர்களுக்காகவே ஒரு வரலாறு சொல்லுகிறோம். அந்நியர் கீழாநெல்லியை இளக்காரம் செய்யவில்லை. நோபெல் பரிசு பெற்ற ஒருவரே அதை மதித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் பெயர் பரூச் புளூம்பெர்க். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து விஞ்ஞானி. 1960-களில், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவருடைய இரத்தத்தில் ஒரு விசித்திரமான புரதத்தைக் கண்டு, அதைத் தொடர்ந்து போய், அது ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸின் மேலுறை என்ற உண்மையை எட்டினார். அதற்காக 1976-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது. இந்த 'பி' என்பது தண்ணீரில் வருவதன்று. இரத்தத்தின் மூலமும், உடலுறவின் மூலமும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. ஏ, ஈ இரண்டும் வந்த விருந்தாளியைப் போல விடைபெற்றுப் போகும். பி வைரஸோ சிலரிடத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிடும். பத்து, இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்து, கல்லீரல் சுருங்கிப் போவதற்கும் புற்றுநோய்க்கும் வழி செய்யும். நம் தேசத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரையில் இதைச் சுமந்து திரிகிறார்கள் என்பது கணிப்பு. அவர்களில் மிகப் பலருக்கு அது தெரியாது.

புளூம்பெர்க்கும், வெங்கடேஸ்வரன் முதலிய அவருடைய சகாக்களும், காமாலைக்கு என்று உலகத்தில் வழங்கும் பச்சிலைகளைச் சோதித்துப் பார்த்தபோது கீழாநெல்லி கண்ணில் பட்டது. கண்ணாடிக் குழாயில் அதன் சாறு, பி வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள உதவும் நொதியைத் தடுத்தது. அமெரிக்காவில் 'உட்சக்' என்று ஒரு பிராணி உண்டு. பெரிய அணில் போன்றது. அதற்கும் இதே இனத்து வைரஸ் வரும். அந்தப் பிராணியினிடத்திலும் சாறு ஏதோ வேலை செய்தது. இதை 1987-இல் வெளியிட்டார்கள். சென்னையில், தியாகராஜன் என்னும் நம்மவர் தலைமையில், மனிதரிடத்தில் பரிசோதனை நடந்தது. பி வைரஸைச் சுமந்திருந்தவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி. மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத போலிப் பொடி. முப்பது நாள் கொடுத்தார்கள். பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது, மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது! போலி உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' பத்திரிகையில் 1988-இல் இது அச்சாயிற்று.

நேயர்கள் அந்த எண்களை மறுபடியும் ஒரு முறை பார்க்க வேண்டும். நூற்றுக்கு 59 பேருக்குக் குணம். எதிரில் நூற்றுக்கு 4. தானாக இந்த வைரஸ் மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஓரிருவரிடம் நடந்தால் அதிகம். இது மெய்யானால், சாலையோரத்துப் பூண்டு ஒன்று கோடிக்கணக்கான மனிதர்களைக் காப்பாற்றிவிடும். தமிழன் மார்தட்டிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

சென்னைக்காரர்கள் மார்தட்டிக்கொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தங்கள் கட்டுரையிலேயே இதைப் பூர்வாங்கப் பரிசோதனை என்றுதான் எழுதினார்கள். மேலும் சோதிக்க வேண்டும் என்றார்கள். சோதித்தார்கள். 1990-இல் தாய்லாந்தில், நோய்க் குறி இல்லாமல் வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வைரஸ் போகவில்லை. 1994-இல் நியூஸிலாந்திலிருந்தும் அதே செய்தி. கீழாநெல்லியில் பல இனங்கள் உண்டு. மேலாநெல்லி என்றும், சிவந்த தண்டுடையது என்றும் பங்காளிகள் பலர். விளையும் மண்ணும் பறிக்கும் காலமும் வேறுபட்டால் சத்தும் வேறுபடும் என்று சமாதானம் சொன்னார்கள். நியாயமான சமாதானமே. ஆனால், பிறகு பல தேசங்களில் நடந்த பரிசோதனைகளையெல்லாம் ஒன்று திரட்டி, 2011-இல் காக்ரேன் என்னும் ஆய்வுக் குழுவினர் நிறுத்துப் பார்த்தபோதும், போலி மருந்தைக் காட்டிலும் கீழாநெல்லி மேல் என்று நம்பச் செய்யும் ஆதாரம் கிடைக்கவில்லை.

நமக்கு இதில் வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. போலிப் பொடியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்தார்களே, அந்தத் துணிவு நம் ஊரிலேயே நடந்த காரியம். அந்தத் துணிவு இல்லாமல் லேகியம் விற்பவர்கள் எத்தனை பேர்!

இந்தக் கதையில் வேடிக்கையான ஒரு கிளை இருக்கிறது. கீழாநெல்லியைத் தேடி வந்த அதே புளூம்பெர்க், 1969-ஆம் வருஷத்திலேயே மில்மன் என்பவரோடு சேர்ந்து பி வைரஸுக்குத் தடுப்பூசி செய்யும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். பச்சிலை செய்யாததை அந்த ஊசி செய்தது. பிறந்தவுடன் தாயிடமிருந்து இந்த வைரஸ் தொற்றிய சிசுக்களில் பத்துக்கு ஒன்பது ஆயுள் முழுதும் அதைச் சுமக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினாலோ நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான் அப்படி. ஆகையால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டுவிட வேண்டும். நம் ராஜ்யத்தில் 2011 டிசம்பரிலிருந்து, ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது சேர்ந்தே வருகிறது. காசில்லாமல் கிடைப்பதாலோ என்னவோ, இதைப் பற்றி யாரும் வாட்ஸ்ஆப்பில் புகழ் பாடுவதில்லை.

பச்சிலையைவிட்டுச் சமையலறைக்குள் போவோம். வைரஸை வெல்லும் பொருள் கீழமாசி வீதி மளிகைக் கடைகளிலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது என்று சொல்லுகிறவர்கள் பலர். மஞ்சளில் குர்குமின் உண்டு. மிளகில் பைப்பரின் உண்டு. பூண்டில் அல்லிசின் உண்டு. கண்ணாடித் தட்டில் இவை வைரஸைத் தடுத்தன என்று ஆராய்ச்சி வந்திருக்கிறது. அத்தனையும் மெய். ஆனால் கண்ணாடித் தட்டுக்கு வயிறு இல்லை, குடல் இல்லை, வந்ததையெல்லாம் உடைத்தெறியும் கல்லீரலும் இல்லை. அங்கே வைரஸின் மேல் சாற்றை நேராக ஊற்றிவிடலாம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு கணக்குக் கொடுத்தோம். மஞ்சள் பொடியில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு குர்குமின். ஒரு பாத்திரம் சாம்பாருக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் பொடி போடுகிறோம். ஐந்து பேர் உண்ணுகிறோம். ஆளுக்கு எவ்வளவு குர்குமின்? ஒன்பது மில்லிகிராம் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் 1998-இல் நடந்த ஒரு பரிசோதனையில் மனிதர்களுக்குக் கொடுத்தது இரண்டு கிராம் குர்குமின். அந்த அளவை எட்ட ஒருவர் எத்தனை பேருடைய சாம்பாரைச் சாப்பிட வேண்டும்? இருநூற்றிருபது பேருடையதை! "பகாசுரன் சார்!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. விடைக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்தோம்.

அந்த இரண்டு கிராமை உண்டவர்களின் இரத்தத்திலும் குர்குமின் ஏறக்குறைய இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இருபது மடங்கு ஏறியது. இந்த 'இருபது மடங்கு' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வியாபாரிகள் பெருத்த லாபம் பார்த்துவிட்டார்கள். இல்லாததற்கு அருகில் உள்ள ஒன்றை இருபதால் பெருக்கினால் வருவது எவ்வளவு என்பதை அவர்கள் அச்சிடுவதில்லை. 2017-இல் ரசாயன அறிஞர் சிலர் குர்குமின் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் அலசினார்கள். குர்குமின் தானே ஒளிரும் குணமும், கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் குணமும் உடையது. ஆகையால் சோதனைக் குழாயில் வேலை செய்யாத போதும் செய்வது போலத் தோற்றம் காட்டும் என்று எழுதினார்கள்.

"மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் எடுத்த உரிமையையே நாம் போராடி ரத்துச் செய்தோமே!" என்று கேட்பார்கள். செய்தோம், கொண்டாட வேண்டிய வெற்றிதான். மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் கொடுத்த தனியுரிமையை நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தார் எதிர்த்து வாதாடி 1997-இல் நீக்கச் செய்தார்கள். ஆனால் அந்த வழக்கில் நிரூபணமானது என்ன? நம் பாட்டிமார் அதை முன்பே செய்துவந்தார்கள் என்பது. புண் ஆறிற்றா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பழசா புதுசா என்பதுதான் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நீதிமன்றமே மஞ்சளை மருந்தென்று ஒப்புக்கொண்டதாக மேடைகளில் பேசுகிறோம்.

அப்படியானால் உணவுப் பொருளிலிருந்து வைரஸுக்கு மருந்தே வந்ததில்லையா? வந்திருக்கிறது. மதுரையில் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் அன்னாசிப்பூவிலிருந்து!

அந்த நட்சத்திரப் பூவில் ஷிகிமிக் அமிலம் என்ற ஒரு பொருள் இருக்கிறது. 'ஷிகிமி' என்பது ஜப்பானில் வளரும் அதன் உறவு மரத்தின் பெயர்; அந்த மரத்தின் காயோ விஷம். பிரியாணிப் பூ பெரும்பாலும் சீனத்திலும் வியட்நாமிலும் விளைகிறது. இந்த அமிலத்தை எடுத்து, ஏறத்தாழப் பத்துப் படிகளில் ஒவ்வொன்றாக மாற்றி, ஓசெல்டமிவிர் என்ற மருந்தைச் செய்தார்கள். 1999-இல் இன்புளுவென்ஸாக் காய்ச்சலுக்கு அங்கீகாரம் பெற்றது; 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் பலருக்குத் தெரியும். 2005-இல் பறவைக் காய்ச்சல் பயத்தால் தேசங்கள் எல்லாம் அந்த மாத்திரையை வாங்கிக் குவித்தபோது அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. பிற்பாடு நுண்ணுயிர்களைக் கொண்டே அந்த அமிலத்தைச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: அன்னாசிப்பூவை மென்று தின்றால் காய்ச்சல் போகாது. அந்த அமிலம் அப்படியே இருக்கும்போது வைரஸை ஒன்றும் செய்யாது. மரம் என்பது மருந்துக்கு வேண்டிய பலகைதான். நாற்காலி செய்தவர் தச்சர். அவ்வளவு பாடுபட்டுச் செய்த மாத்திரையும் காய்ச்சலைச் சுமார் ஒரு நாள் குறைக்கிறது, அவ்வளவே. ரசத்தில் நாலு மிளகைத் தட்டிப் போட்டு மூன்றே நாளில் விரட்டினேன் என்கிற அன்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

ரசத்தை நாம் குறை கூறவில்லை. காய்ச்சல் கண்ட தேகத்துக்கு நீர் வேண்டும்; உப்பு வேண்டும்; அடைத்த மூக்கு திறக்க வேண்டும். ரசம் இம்மூன்றையும் செய்யும், நாவுக்கும் ஆறுதல். அதைச் சாப்பாடாகவே மதிப்போம்.

2020-இல் கொரோனா வந்தபோது நாம் கண்ட காட்சிகள் நேயர்களுக்கு மறந்திராது. பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரைத் தெருத் தெருவாகக் காய்ச்சிக் கொடுத்தார்கள். 2012-இல் டெங்குக் காய்ச்சலின்போது நிலவேம்புக் குடிநீர் பெற்ற ஸ்தானத்தை அது பெற்றது. அந்த ஜூலை மாதத்தில் கோயம்புத்தூரில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், மூலிகை கலந்த மைசூர்பாகு ஒரே நாளில் கொரோனாவைப் போக்கும் என்று விளம்பரம் செய்தார். அதிகாரிகள் கடையை மூடினார்கள். அதே ஜூலையில் நம் மதுரையில் ஓர் உணவு விடுதிக்காரர் முகக் கவசத்தின் வடிவத்தில் பரோட்டா போட்டார். தின்றால் நோய் தீரும் என்று அவர் சொல்லவில்லை. கவசம் அணியுங்கள் என்றுதான் சொன்னார். மைதாவைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. ஆயினும் அந்த வருஷம் அடுப்படியிலிருந்து வந்த உருப்படியான யோசனை அந்தப் பரோட்டாதான் என்று நாம் கருதுகிறோம்.

பச்சிலைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்பார்கள். இதைத்தான் நாம் மிகவும் அஞ்சுகிறோம். கொரோனாவுக்குப் பயந்து 2020-இன் பிற்பகுதியில் சீந்தில் கொடியை நாள்தோறும் காய்ச்சிக் குடித்தவர்களில் ஆறு பேர் கல்லீரல் கெட்டுக் காமாலையோடு வந்தார்கள் என்று பம்பாய் மருத்துவர்கள் மறு வருஷம் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகத்தார் அதை மறுத்தார்கள். செடியை அடையாளம் காண்பதிலேயே பிழை நேர்ந்திருக்கலாம் என்றார்கள். பிழை நேர்ந்திருந்தால், வாங்கிக் குடித்த குடும்பஸ்தனும் அதே பிழையைத்தானே செய்வான்? அமெரிக்காவிலும் மஞ்சள் மாத்திரை உண்டு கல்லீரல் புண்பட்டவர்களைப் பற்றி 2022-இல் செய்தி வந்தது. அவர்களில் சிலர் உண்டது மிளகுச் சத்தும் சேர்த்துச் செய்தது. சாம்பாரில் போடும் மஞ்சளால் இது வராது. சாம்பாரை மாத்திரையாக்கும்போது வருகிறது.

ஆகவே காமாலை கண்ட வீட்டில், அப்பத்தா மோரில் கீழாநெல்லி கொடுப்பதை நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால் முதல் நாளே இரத்தத்தைச் சோதித்து, ஏயா, பியா, ஈயா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பி என்றால், வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் உண்டு. எல்லாருக்கும் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். 2018 ஜூலை 28-இல், புளூம்பெர்க் பிறந்த நாளன்று, மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். வீட்டில் ஒருவருக்குப் பி இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் கீழாநெல்லிக்கு ஒரு மணி நேரம்கூட அவகாசம் கொடுக்கலாகாது. ஈ வைரஸ் பிறரை விட்டுவிடும், பிள்ளைத்தாய்ச்சியை விடாது. காமாலைக்காரர் பகலில் தூங்கி வழிந்தால், பேச்சுத் தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், பல் ஈறில் இரத்தம் கசிந்தால், கல்லீரல் கைவிடுகிறது என்று பொருள். அன்றிரவே இராஜாஜி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பத்தியம் முடியட்டும் என்று ஐந்து நாள் காத்திருந்த பிறகு அங்கே கொண்டுவந்து சேர்த்த ஒரு பிள்ளையை நமக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நாம்தான் அடித்தோம்.